பூட்டிய வீட்டில் தூசி இல்லை

“அப்ப உங்க புகார் என்னன்னா, வீடு சுத்தமா இருக்கு. அதானே?” என்று கேட்டார் பிலோமின்ராஜ்.

“ஆமா சார்” என்றார் ஜெயக்குமார்.

துப்பறிவாளர் பிலோமின்ராஜ் பல விதமான புகார்களைக் கேட்டவர். காணாமல் போன நகை, காணாமல் போன மாப்பிள்ளை, ஒரு தடவை காணாமல் போன போர்வெல் லாரி. காணாமல் போன தூசியைக் கண்டுபிடித்துத் தரும்படி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளை வருஷக்கணக்கில் சந்தேகப்பட்டவர் முகம் அது. ஆச்சரியப்படும் வழக்கத்தை அது எப்போதோ விட்டுவிட்டது.

அவருடைய உதவியாளர் வைஷ்ணவிக்கு முகத்தை அப்படிக் கட்டிக் காக்கும் கஷ்டம் இல்லை. பி.காம் முடித்துவிட்டு, பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கும் பெண். இரண்டு பரீட்சைகளுக்கு நடுவே துப்பறிகிறாள்.

“சார், பெருக்கித் துடைச்சுட்டுப் போற திருடன் சிக்கினா உடனே போலீஸ்ல குடுத்துடாதீங்க. எங்க வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வெச்சுட்டு அப்பறம் குடுக்கலாம்” என்றாள்.

ஜெயக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. மூவரும் நின்றிருந்தது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், ஒரு மாடி வீட்டின் கூடத்தில். வீட்டுக்காரர் பாலு குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறார். சாயங்காலம் சிங்கப்பூர் ஃப்ளைட்டில் திருச்சியில் இறங்குகிறார்.

ஜெயக்குமாரின் தொழில், இப்படி வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுச் சாவிகளை வாங்கி வைத்துக்கொள்வது. மாதம் ஒரு தடவை கதவைத் திறக்க வேண்டும், பெருக்க வேண்டும், குழாயைத் திறந்துவிட வேண்டும், மோட்டாரைப் போட்டு நிறுத்த வேண்டும், ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தில்லைநகரில் ஆபீஸ், சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு, ஃபோனில் பெருமாள் படம் எல்லாம் வைத்திருந்தார்.

“கடைசியா இந்த வீட்டை எப்பத் தெறந்தீங்க?” என்றார் பிலோமின்ராஜ்.

“மாசா மாசம்...”

“ஜெயக்குமார்.”

“கொரோனா முடிஞ்சதுலேர்ந்து தெறக்கல சார்.”

“அப்ப ஃபோட்டோ?”

“பழைய ஃபோட்டோவையே மாத்தி மாத்தி அனுப்புவேன்.”

“செவுத்துல காலண்டர் மாறவே இல்லைன்னு அவரு கேக்கலையா?” என்றாள் வைஷ்ணவி.

“காலண்டர் இல்லாத ரூமாப் பாத்துதாங்க அனுப்புவேன்” என்றார் ஜெயக்குமார். அதில் கொஞ்சம் தொழில் பெருமைகூடத் தெரிந்தது.

காலையில் நடந்ததை அவர் சொன்னார். ஓனர் வருவதற்குள் வீட்டைத் தயார் செய்ய ஆறு ஆட்களோடும், ஒட்டடைக் கம்பு, பினாயில், பிளீச்சிங் பவுடரோடும் வந்து பூட்டைத் திறந்திருக்கிறார். உள்ளே வௌவால் பறக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, கூடத்துத் தரையில் தன் முகம் தெரிந்திருக்கிறது. ஆட்கள் நின்று பார்த்துவிட்டு, வந்ததற்குக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“யாரோ உள்ள இருந்திருக்கான் சார். என்கிட்ட இருக்க வேண்டிய சாவி இன்னொருத்தன் கையில இருக்கு. இது வெளியில தெரிஞ்சா என்னை நம்பி யாரு சாவி குடுப்பா? ஓனர் கார்லேர்ந்து இறங்குறப்ப, ‘ஆளைப் புடிச்சுட்டேன் சார்’னு சொல்லணும். அதான் மாரியாயியை உக்கார வெச்சிருக்கேன்.”

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், வெயிலில், கால்களை மடக்கி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மாரியாயி முன்பு ஜெயக்குமாரிடம் பெருக்கும் வேலை பார்த்தவள். இந்த வீட்டின் மாற்றுச் சாவி ஒரு காலத்தில் அவளிடம் இருந்தது. வேலையிலிருந்து நிறுத்தியபோது திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். ஜெயக்குமாருக்கு வாங்கிய ஞாபகம் இல்லை. அவருக்கு ஞாபகம் இல்லாததால் அவள் திருடி என்பது அவர் கணக்கு.

“என்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் சார்” என்றாள் மாரியாயி, பிலோமின்ராஜிடம். “நடுத்தெருவுல வெச்சு, ‘சாவியைத் திருடி வெச்சுக்கிட்டு உள்ள குடித்தனம் நடத்துனியாடி’ன்னு கத்தினாரு. தெருவே வந்து பாத்துச்சு. இந்தத் தெருவுலதான் நாலஞ்சு வீட்டுல பாத்திரம் கழுவுறேன். கோடி வீட்டு அம்மா அப்பவே சொல்லிட்டாங்க, நாளையிலேர்ந்து வர வேணாம்னு. சாயங்காலத்துக்குள்ள மத்தவங்களும் சொல்லுவாங்க.”

அவள் அழவில்லை. அதுதான் பார்க்க அதிகக் கஷ்டமாக இருந்தது. வைஷ்ணவி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

பிலோமின்ராஜ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குளியலறையில் குனிந்து, தண்ணீர் போகும் ஜாலியை முகர்ந்தார். வைஷ்ணவி முகத்தைச் சுளித்தாள்.

“நாத்தம் இல்லை” என்றார் பிலோமின்ராஜ். “பூட்டிப் போட்ட வீட்டுல இதுக்குள்ள தேங்குற தண்ணி வத்திடும். வத்தினா சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல வரும். இங்க ரெண்டும் வரலை. யாரோ விடாம தண்ணி ஊத்தியிருக்காங்க.”

பின்கட்டில் மோட்டார் சுவிட்சைப் போட்டார். வருஷக்கணக்கில் ஓடாத மோட்டார் முதலில் உறும வேண்டும், பிறகு மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். இது தட்டியதும் ஓடியது. மோட்டாரின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும், அதன் மேல் குங்குமமும் இருந்தன. மெயின் ஸ்விட்ச் பெட்டியிலும் அதே மாதிரி பொட்டு.

“நீங்க வெச்சதா?” என்றார் பிலோமின்ராஜ்.

“நானா? நான்தான் வரவே இல்லையே சார்” என்றார் ஜெயக்குமார். தன் யோக்கியதையை அவர் இவ்வளவு உறுதியாகச் சொன்னது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலோரம் பழைய கால்மிதித் தையல் மெஷின், பாலுவின் அம்மா காலத்தது. அதன் தலையிலும் சந்தனம், குங்குமம். பிலோமின்ராஜ் சக்கரத்தை லேசாகத் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. விரலில் எண்ணெய் ஒட்டியது.

“ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு” என்றாள் வைஷ்ணவி. “போன ஆயுத பூஜைதான் சார். ரொம்ப பழசுன்னா சந்தனம் உதிர்ந்திருக்கும்.”

“வீடு பூரா துடைச்சிருக்காங்க. ஜன்னல் கம்பியைக்கூட விடலை. இதை மட்டும் ஏன் விட்டாங்க?”

“பூஜை பண்ணி வெச்ச பொட்டைத் துடைக்க எப்படி சார் கை வரும்? நான் கொலையே பண்ணியிருந்தாலும் கத்தியைக் கழுவுவேன், கத்தியில வெச்ச பொட்டைக் கழுவ மாட்டேன்.”

“உனக்குச் சம்பளம் கூட்டிக் கேக்குறதா இருந்தா, கத்தியைப் பத்தி பேசாத நாளாப் பாத்துக் கேளு” என்றார் பிலோமின்ராஜ். பிறகு ஜெயக்குமார் பக்கம் திரும்பினார். “ஆயுத பூஜையில எதுக்குப் பொட்டு வைப்பாங்க? நமக்குச் சோறு போடுற பொருளுக்கு. இங்க யாரும் குடித்தனம் பண்ணலை ஜெயக்குமார். சமையல்கட்டுல எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தாளிச்ச வாசனை இல்லை. பகல்ல வந்து இந்த மெஷின்ல உக்காந்து தைச்சுட்டு, வீட்டையும் பெருக்கித் துடைச்சுட்டுப் போயிருக்காங்க.”

“மாரியாயிக்குத் தைக்கத் தெரியும் சார்” என்றார் ஜெயக்குமார் அவசரமாக.

மாடி ஜன்னல் வழியாகக் கேட்டார் பிலோமின்ராஜ். “மாரியாயி, மெஷின்ல தைப்பீங்களா?”

“மெஷின்ல விரலைத்தான் சார் தைச்சுக்குவேன்” என்று கீழேயிருந்து பதில் வந்தது.

“நடிக்கிறா” என்றார் ஜெயக்குமார்.

வைஷ்ணவி அதற்குள் தரையில் மண்டியிட்டு, மெஷினின் மிதிபலகை இடுக்கில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். ஹேர்பின்னால் நெம்பி ஒரு சின்ன இரும்புப் பொருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ரவிக்கையில் வைக்கும் ஹூக்.

“லேடீஸ் டெய்லர்” என்றார் பிலோமின்ராஜ். “தினம் வந்து போற ஒரு டெய்லர். இந்தத் தெருவுல யாருமே பாக்கலையாமா?”

“எல்லாரையும் கேட்டுட்டேன் சார். யாருமே எதுவுமே பாக்கலையாம்.”

பிலோமின்ராஜ் இதைக் கேட்டு நிமிர்ந்தார். ஸ்ரீரங்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் புதுசாகப் பால்காரர் வந்தாலே அவர் சொந்த ஊர் எது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். பூட்டிய வீட்டுக்குள் ஒருத்தர் தினமும் போய்வந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றால், படாமல் இருக்கக் காரணம் இருக்க வேண்டும்.

“என் வீட்டுக்காரியே தினம் இந்தப் பக்கம்தான் சார் கோயிலுக்கு வருவா. காலையில போனா சாயங்காலம்தான் திரும்புவா, அவ்வளவு பக்தி. அவ கண்ணுலகூடப் படலை” என்றார் ஜெயக்குமார்.

கேட்டுக்கு வெளியே பெண்கள் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டு அனுசுயா முன்னால் நின்றாள். காலையிலிருந்து மூன்று தடவை கோலத்தைச் சரிபார்க்க வெளியே வந்தவள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கீரைக்கட்டோடு நின்றார்கள், கீரை வாடும்வரை. வைஷ்ணவி போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

“சார், மூணு பேர் ரவிக்கையிலயும் பின்கழுத்துல ஒரே மாதிரி பைப்பிங். அதே சன்னக் கயிறு, அதே முடிச்சு, அதே குஞ்சலம். ஒரே கை தைச்சது.”

“நான் பாக்க முடியாத சாட்சியம்” என்றார் பிலோமின்ராஜ்.

“அதுக்குத்தான் சார் என்னை வெச்சிருக்கீங்க. யாருகிட்டத் தைச்சீங்கன்னு கேட்டேன். அனுசுயா அக்கா காட்டூர்ல ஒரு டெய்லர்னாங்க. ரெண்டாவது அக்கா, லால்குடியில தம்பி பொண்டாட்டி தைச்சதுன்னாங்க. மூணாவது அக்கா ரெடிமேட்னாங்க. ரெடிமேட் ரவிக்கை அப்படி உக்காந்தா நான் பேங்க் பரீட்சையை விட்டுட்டு அந்தக் கடையில வேலைக்குச் சேந்துடுவேன்.”

“மூணு பேரும் ஏன் பொய் சொல்லணும்?”

வைஷ்ணவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “சார், நீங்க ரவிக்கை தைக்கக் குடுத்ததில்லை. சொன்ன தேதிக்கு, சொன்ன அளவுக்குத் தைச்சுக் குடுக்குற டெய்லர் கிடைச்சா, கூடப் பொறந்த அக்காவுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். கூட்டம் சேந்துடும். இவங்க ஒரு தெருவே சேந்து அந்த டெய்லரை மறைச்சு வெச்சிருக்காங்க.”

“காலையில மாரியாயியைத் திருடின்னப்ப இவங்க நின்னு பாத்தாங்களே?”

“பாத்தாங்க” என்றாள் வைஷ்ணவி. அவளுக்கும் கோபம் வந்திருந்தது.

பிலோமின்ராஜ் கோபப்படுவதில்லை. அவர் கேட்டுக்குப் போய், பெண்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஜெயக்குமாரிடம் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்.

“போலீஸுக்குச் சொல்லிடலாம் ஜெயக்குமார். உள்ள தையல் நடந்திருக்கு. அந்த டெய்லர்கிட்ட யார் யார் துணி குடுத்திருக்காங்களோ, அதெல்லாம் கேஸ் பொருள். பட்டுத்துணியா இருந்தாலும் சரி. கேஸ் முடியற வரைக்கும் ஸ்டேஷன் அலமாரியிலதான் இருக்கும்.”

“எத்தனை நாள் சார் ஆகும்?” என்றாள் வைஷ்ணவி, பால் வடியும் முகத்தோடு.

“நான் பாத்த ஒரு கேஸ்ல ஒரு கூறைப்புடவை உள்ள போச்சு. அந்தப் பொண்ணுக்கு இப்பப் பேரன் இருக்கான். புடவை வரலை.”

கீரைக்கட்டுகள் நகர்ந்தன. அனுசுயா அவசரமாக வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் கிளம்பியது. கோலத்தின் மேலேயே ஏறிப் போனது.

“வண்டியை எடு” என்றார் பிலோமின்ராஜ்.

வைஷ்ணவியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்வது அவருக்குப் பிடித்த விஷயம் அல்ல. இரண்டு கைகளையும் தன் முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு, இறைவனிடம் மட்டும் பிடிமானம் வைத்து வருவார். மாம்பழச் சாலையில் வெளியூர் வேன்கள் அடைத்து நின்றன. அனுசுயா நடைபாதையை ஒட்டி நுழைந்து போனாள். வைஷ்ணவியும் நுழைந்தாள். காவிரிப் பாலத்தில் ஒரு பஸ் அவர்களை உரசிக்கொண்டு போனது. பிலோமின்ராஜ் கண்ணை மூடித் திறந்தபோது சிந்தாமணி வந்திருந்தது.

“காட்டூருக்கு இது வழி இல்லையே சார்?” என்று கத்தினாள் வைஷ்ணவி.

“லால்குடிக்கும் இல்லை” என்றார் பிலோமின்ராஜ்.

அனுசுயா உறையூர்ப் பக்கம் திரும்பி, ஒரு சந்துக்குள் போய், பச்சை கேட் போட்ட வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். வைஷ்ணவி கேட்டுக்கு எதிரே பிரேக் அடித்தாள். கேட்டில் ஒரு போர்டு இருந்தது. வைஷ்ணவி அதைப் படித்தாள். பிறகு, காலையில் ஜெயக்குமார் கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்துப் படித்தாள். மறுபடி போர்டைப் படித்தாள்.

“ஜெயக்குமார், வீட்டுச் சாவி மற்றும் பராமரிப்பு. சார், போர்டு தப்பா?”

“போர்டு சரி. நம்மளைக் கூப்பிட்டவருதான் தப்பு” என்றார் பிலோமின்ராஜ்.

உள்ளே கூடத்தில் அனுசுயா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “ராணி, என் பொண்ணு வளைகாப்பு ரவிக்கை எங்க? போலீஸ் வருது, குடுத்துடு!” என்றாள். கழுத்தில் டேப் தொங்க, கையில் பட்டுத்துணியோடு, ஜெயக்குமாரின் மனைவி விஜயராணி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், மரப்பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு சாவியிலும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

வாசலில் அந்நிய ஆட்களைப் பார்த்ததும் விஜயராணி பட்டுத்துணியை மடித்து வைத்தாள். பிலோமின்ராஜ் தன்னை யாரென்று சொன்னார்.

“நான்தாங்க” என்றாள் விஜயராணி. அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. “உக்காருங்க.”

அவள் சொன்னதில் சுற்றி வளைத்தல் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தொட்டியத்தில் அவள்தான் பேர்பெற்ற டெய்லர். கல்யாணத்துக்குப் பிறகு, சாவி சர்வீஸ் நடத்துகிறவன் பெண்டாட்டி ஊராருக்கு ரவிக்கை தைப்பது மரியாதை இல்லை என்று ஜெயக்குமார் சொல்லிவிட்டார்.

“ஒரு தடவை பாலு சார் வீடியோ கேட்டாரு. இவருக்குக் காய்ச்சல், என்னைப் போயி எடுத்துட்டு வரச் சொன்னாரு. அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்காது. போனேன். வீடா அது? கரையான், எலிப்புழுக்கை, நாத்தம். பாத்தா அழுகை வந்துடுச்சு. பெருக்கினேன். மேல ரூம்ல மெஷின் இருந்துச்சு. சும்மா உக்காந்து பாத்தேன். அப்பறம் என்னால எந்திரிக்க முடியலை சார்” என்றாள் விஜயராணி.

“சாவி?”

“மாரியாயி அக்கா திருப்பிக் குடுத்த மாத்துச் சாவி இந்தப் பலகையிலதான் தொங்குது. இவரு எடுத்தாத்தானே காணோம்னு தெரியும்? காலையில கோயிலுக்குன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போவேன். முதல்ல பெருமாளைக் கும்பிட்டுட்டுத்தான் போவேன், அது பொய் இல்லை. ஓனர் வராருன்னு தெரிஞ்சதும் என் சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து, வீட்டை நல்லாத் துடைச்சு விட்டேன். வீடு அழுக்கா இருந்தா இவருக்குத்தானே கெட்ட பேரு? சுத்தமா இருக்கறதைப் பாத்து சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன். துப்பறியுறவங்களைக் கூப்பிடுவாருன்னு யாரு கண்டா?”

“துப்பறியுறவங்களை மட்டும் கூப்பிடலைங்க. மாரியாயியை நடுத்தெருவுல வெச்சுத் திருடின்னு சொல்லிட்டாரு. வெயில்ல உக்கார வெச்சிருக்காரு. ஓனர் வந்ததும் போலீஸ்ல குடுக்கப் போறாரு” என்றாள் வைஷ்ணவி.

விஜயராணியின் முகம் வெளுத்தது. “மாரியாயி அக்காவையா?” என்றாள். அனுசுயா பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

அனுசுயா மடித்து வைத்த பட்டுத்துணியைப் பார்த்தாள். மாரியாயி அவள் வீட்டிலும்தான் பாத்திரம் கழுவுகிறாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார் பிலோமின்ராஜ்.

“நல்ல டெய்லர் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது சார்” என்றாள் அனுசுயா. சொன்ன பிறகு அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

விஜயராணி கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினாள். கதவைப் பூட்டக்கூட நிற்காமல் அனுசுயாவின் வண்டியில் போய் ஏறினாள்.

அவர்கள் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. ஜெயக்குமார் வாசலில் ஃபோனைக் காட்டினார். “ஓனர் ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பிட்டாரு. டாக்சி சஞ்சீவி நகர் தாண்டிடுச்சாம். ஆளு கிடைச்சுதா சார்?” என்றார். அப்புறம்தான் மனைவியைப் பார்த்தார். “ராணி? நீ எங்க இங்க? கோயிலுக்குப் போகலையா?”

விஜயராணி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னாள். மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டார் ஜெயக்குமார். அவர் நெற்றியில் மட்டும்தான் பொட்டு இல்லை.

திரும்பி வரும்போது அவர் ஒரு முடிவோடு வந்தார். மாரியாயியிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “சரி மாரியாயி, நீ எடுக்கலை. தெரிஞ்சு போச்சு. நீ கிளம்பு. போலீஸ் எல்லாம் வேணாம்” என்றார்.

மாரியாயி எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கிளம்பவில்லை. தெருவின் நடுவில் போய் நின்றாள்.

“காதுக்குள்ள சொல்றீங்களே சார். காலையில காதுக்குள்ளயா சொன்னீங்க?” என்றாள்.

தெருமுனையில் டாக்சி திரும்பியது. ஜெயக்குமார் அதைப் பார்த்தார். “ஓனர் வராரு மாரியாயி. நகரு. அப்பறம் பேசிக்கலாம்.”

“அப்பறம்னா, நாளைக்கு எனக்கு எந்த வீட்டுல சார் வேலை இருக்கும்?”

“நான் சொல்றேன் அக்கா” என்று முன்னால் வந்தாள் விஜயராணி. அவள் கண்கள் கலங்கியிருந்தன. “எல்லாருக்கும் கேக்குற மாதிரி நானே சொல்றேன். தப்பு என் மேலதான்.”

“நீ சொன்னா அது நீ சொன்னது ராணி” என்றாள் மாரியாயி. “என்னைத் திருடின்னு சொன்னது அவரு வாயி. அந்த வாயிதான் இல்லைன்னு சொல்லணும்.”

டாக்சி அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். மாரியாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடிகளிலும் வாசல்களிலும் தலைகள் வந்தன. அனுசுயா தன் வீட்டு வாசலில், கலைந்த கோலத்தின் மேல் நின்றாள். ஜெயக்குமார் உதவிக்குப் பிலோமின்ராஜைப் பார்த்தார். பிலோமின்ராஜ் எதிர்வீட்டுத் தென்னை மரத்தில் காய்ப்பு எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்குமார் தொண்டையைச் செருமினார்.

“மாரியாயி சாவி எடுக்கலை” என்றார். பாதிக் குரல்தான் வந்தது. மாரியாயி அசையவில்லை. அவர் மறுபடி ஆரம்பித்தார், இந்தத் தடவை முழுக் குரலில். “மாரியாயி சாவி எடுக்கலை! உள்ள தைச்சுக்கிட்டு இருந்தது என் வீட்டுக்காரி. வீட்டை இத்தனை வருஷமா பெருக்குனதும் அவதான். நான் வந்து தெறக்கவே இல்லை. மாரியாயி மேல நான் சொன்னது பொய்!”

டாக்சிக் கதவைத் திறந்து பாலு பாதி இறங்கியிருந்தார். ஒரு கால் நியூசிலாந்து ஷூவோடு ஸ்ரீரங்கத்துத் தரையில் இருந்தது. இன்னொரு கால் வண்டிக்குள் இருந்தது.

“என்ன நடக்குது இங்க?” என்றார்.

“உங்க வீடு சுத்தமா இருக்கு சார்” என்றார் பிலோமின்ராஜ். “அதுக்காக மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

ஜெயக்குமார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “போதுமா மாரியாயி?” என்றார்.

மாரியாயி தெருவின் கடைசியைப் பார்த்தாள். அங்கே ஒரு வீடு மட்டும் சாத்தியிருந்தது.

“கோடி வீட்டு அம்மாவுக்குக் கேட்டிருக்காது சார்” என்றாள். “அவங்கதான் முதல்ல வேணாம்னு சொன்னவங்க.”

ஜெயக்குமார் பாலுவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மாடிகளிலிருந்த தலைகளைப் பார்த்தார். பிறகு நடந்தார். மாரியாயி அவர் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் விஜயராணியும், கொஞ்சம் தயங்கி அனுசுயாவும் போனார்கள். வைஷ்ணவி எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி, கோடி வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவு திறந்தது. ஜெயக்குமார் முதலிலிருந்து ஆரம்பித்தார்.